மாடித் தோட்டத்து அரட்டை: செம்பருத்தியில் ஒரு குரங்கு மூஞ்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் அம்மாபேட்டை வீட்டு மொட்டை மாடிக்கு வந்து பாருங்கள். வாரம் முழுக்க ஓயாத தறிச் சத்தம் அன்று ஒரு நாள்தான் கொஞ்சம் அடங்கியிருக்கும். தூரத்தில் குமரகிரி முருகன் கோயில் தெரியும். பெயின்ட் வாளி, உடைந்த குடம், சிமெண்ட் சாக்கு என்று கிடைத்ததில் எல்லாம் மண்ணைப் போட்டுச் செடி வைத்திருக்கிற எங்கள் ஐந்தாறு பேருக்கு அதுதான் சங்கம், சபை எல்லாம். ஒருத்தி காப்பி கொண்டு வருவாள், இன்னொருத்தி முறுக்கு. பேச்சு கத்தரிக்காயில் ஆரம்பித்து மருமகளில் போய் முடியும். சில நாள் மருமகளில் ஆரம்பித்துக் கத்தரிக்காய்க்கு வரும்.

இந்தத் தடவை பேச்சு ஆரம்பித்த இடம் என் செம்பருத்தி.

அடுக்குச் செம்பருத்தி, நல்ல ரத்தச் சிவப்பு. மூலை வீட்டு ஆயா வெள்ளிக்கிழமை தவறாமல் அதில் பூப் பறித்துப் போவார். பங்குனி வெயில் ஏற ஏற அதன் கொழுந்தெல்லாம் சுருட்டிக் கொண்டு, மொட்டுக்கடியில் மாவு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக அப்பிவிட்டது. தொட்டால் கை பிசுபிசுக்கிறது. கீழ் இலையெல்லாம் அடுப்புக் கரி பூசின மாதிரி கறுப்பு.

"இது கள்ளிப்பூச்சி கண்ணு. வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போடு" என்றார் ஆயா.

"மாவுப்பூச்சின்னு சொல்லுங்க ஆயா" என்று திருத்தினார் டீச்சரம்மா. ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாகியும் திருத்துகிற வழக்கம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. ஆனால் ஆயா சொன்னதிலும் பிசகில்லை. நம் பக்கத்துக் காடுமேடெல்லாம் அடைத்துக் கொண்டிருந்த சப்பாத்திக் கள்ளியை ஒழிக்க 1926ல் இலங்கையிலிருந்து ஒரு வெள்ளைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் இந்த மாவுப்பூச்சிக்குப் பங்காளி முறைதான்.

எதிர்வீட்டுத் தறிக்கார அக்கா அதற்குள் கீழே இறங்கிப் போய்க் கையில் ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தார். "எங்க கொழுந்தனார் பருத்திக்கு அடிக்கிற மருந்து. ஒரு மூடி ஊத்தி அடிச்சா நாளைக்கே ஒண்ணு இருக்காது. நான் கறிவேப்பிலைக்குக் கூட இதைத்தான் அடிச்சேன்" என்றார்.

பாட்டிலைப் பார்த்தேன். மாம்பழ ஜூஸ் பாட்டில்! மேலே மாம்பழப் படம் அப்படியே இருக்கிறது. உள்ளே பழுப்பாக ஏதோ பாதிவரை.

"மருந்துக்குப் பேர் என்னங்கக்கா?"

"பேரெல்லாம் தெரியலைங்க. வாசம் மூக்கைத் துளைக்கும்."

"வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க?"

"அடுப்படி மேல் பலகையிலதான். கையெட்டாதுல்ல."

நாங்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே ஆயாவின் பேரன், மூன்றாம் வகுப்புப் படிக்கிற பொடியன், "எனக்கும் ஜூஸ்" என்று கை நீட்டினான். அக்கா பாட்டிலைச் சட்டென்று பின்னால் இழுத்துக் கொண்டார். அந்த ஒரு நிமிஷம் மாடியில் யாரும் பேசவில்லை. அக்காவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

சகோதரிகளே, இதை நான் அக்காவைக் குறை சொல்ல எழுதவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "போடுங்க, நாலு பேருக்காவது தெரியட்டும்" என்று அவரே சொன்னார். 2013 ஜூலையில் பீஹார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்து போனது ஞாபகம் இருக்கிறதா? சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்ததுதான் வினை என்று விசாரணையில் சொன்னார்கள். இந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கவே கூடாது என்று 2005லேயே தடை போட்டாகிவிட்டது. பேர் தெரியாத பாட்டிலில் இருப்பது அதுவா, வேறொன்றா, யார் கண்டது? கறிவேப்பிலையை நாம் குழம்பில் போட்டு ஒதுக்கினாலும், அதன் சாரம் குழம்பில்தானே இறங்குகிறது!

ஒருவேளை எங்கேயாவது அப்படி ஓர் அசம்பாவிதம் நடந்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம். வாயில் நுரை, எச்சில் ஒழுகல், வியர்வை, கண்மணி சுருங்குதல் இதெல்லாம் இந்த வகை விஷத்தின் அடையாளம். மேலே பட்டிருந்தால் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 108க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். லேபிளைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். லேபிளே இல்லாத ஜூஸ் பாட்டிலைக் கொண்டு போய் என்ன செய்வது?

சரி, மருந்து வேண்டாம் என்றால் செம்பருத்தியை என்ன செய்வது? ஆயா சொன்னது போலப் பிடுங்கிப் போடுவதா?

அப்போதுதான் எங்கள் கூட்டத்திலேயே சின்னவள் வாயைத் திறந்தாள். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். பிறந்த வீட்டில் குச்சிக்கிழங்குதான் வெள்ளாமை. "அக்கா, மருந்து அடிச்சா போயிரும்னா எங்க அண்ணன் காட்டுல எப்பவோ போயிருக்கணும்" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. 2020ல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் முதன்முதலில் கண்டுபிடித்த ஒரு புது மாவுப்பூச்சி, வெகு சீக்கிரம் நம் சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்துவிட்டது. கொழுந்தெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு, கணுக்கள் குட்டையாகி, செடி வளர்வதையே நிறுத்திவிடுமாம். பூச்சி அந்தச் சுருட்டைக்கு உள்ளே, மேலே மெழுகுப் போர்வை வேறு. தெளிக்கிற மருந்து மேலேயே வழிந்து போய்விடும். "மூணு தரம் அடிச்சாங்கக்கா. கடன் வாங்கி அடிச்சாங்க. மருந்துக் காசு போச்சு, கிழங்கும் போச்சு. அந்த வருஷம் என் வளைகாப்புக்கு அண்ணன் வர்றப்ப கையில ஒண்ணுமில்லாம வந்தாருங்க, வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ளயே வரலை" என்று சொன்னபோது அவள் குரல் கம்மிப் போயிற்று.

ஜவ்வரிசிப் பாயசம் சாப்பிடுகிற நாம் யாராவது இதை நினைக்கிறோமா? சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கென்று 1981லேயே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்குகிற அளவுக்கு இந்தக் கிழங்கை நம்பி இங்கே எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன.

"அப்புறம் எப்படித்தான் போச்சு?" என்றார் தறிக்கார அக்கா.

"குளவி விட்டாங்கக்கா!"

ஆயா "என்னது, குளவியா!" என்று காலைத் தூக்கி மேலே வைத்துக் கொண்டார்.

கொட்டுகிற குளவி இல்லை. எள்ளைவிடச் சின்னது, மனுஷர் பக்கமே திரும்பாது. அனாகைரஸ் லோபெசி என்று பேர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளே ஊசி போடுகிற மாதிரி முட்டை வைத்துவிடும். குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்து பழுப்பு ஓடாகிவிடும். அந்த ஓட்டில் வட்டமாய் ஓட்டை போட்டுக் கொண்டு புதுக் குளவி வெளியே வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து இதைத் தருவித்து, பெங்களூரில் உள்ள மத்திய அரசுப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து, 2022 மார்ச்சில் விட்டார்கள். எங்கே தெரியுமா? டில்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. நம் ஆத்தூர் ரோட்டில் இருக்கிற ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்! நாம் பஸ்ஸில் தூங்கிக் கொண்டே தாண்டிப் போகிற ஊர்.

டீச்சரம்மாவுக்கு இதன் முன்கதையும் தெரிந்திருந்தது. 1970களில் இதே பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய், கிழங்கையே சோறாகச் சாப்பிடுகிற கோடிக்கணக்கான ஜனங்களைப் பட்டினிக்குப் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தியது. ஹான்ஸ் ஹெர்ரன் என்ற சுவிஸ் நாட்டு விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும், பூச்சி பிறந்த ஊரில் அதற்கு எதிரியும் பிறந்திருக்குமே என்று தேடினார்கள். 1981ல் பராகுவே நாட்டில் அந்தப் பூச்சியும் இந்தக் குளவியும் கிடைத்தன. பிறகு ஆப்பிரிக்காவில் குளவிகளை ஆகாய விமானத்திலிருந்துகூடத் தூவினார்களாம். அதற்காக ஹெர்ரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

"இன்னொண்ணு கேளுங்க ஆயா, இந்தக் கிழங்குப் பூச்சியில ஆம்பளையே கிடையாது. அத்தனையும் பொம்பளை. தானே முட்டை வெச்சுத் தானே பெருகிக்கும்" என்றார் டீச்சரம்மா.

"அதான் இவ்வளவு வேலை நடக்குது" என்றார் ஆயா. சிரிப்பு அடங்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. வாழப்பாடிப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. நாளைக்கே ஏத்தாப்பூர் போய் நாலு குளவி வாங்கி வந்தால் என்ன? ஆனால் அந்தக் குளவிக்குக் கிழங்கு மாவுப்பூச்சி மட்டும்தான் வேண்டும். என் செம்பருத்தியைத் திரும்பியும் பாராது. செம்பருத்தி, பப்பாளி, மல்பெரி என்று கண்டதையும் தின்கிற பப்பாளி மாவுப்பூச்சி வேறே ஜாதி. அது 2008ல் கோயமுத்தூரில் முதலில் தென்பட்டது. பப்பாளித் தோட்டங்களை வெட்டிச் சாய்த்த காலம் அது. 2010ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவிகள் நம் ஊர்களில் நிலைத்துவிட்டன. யாரும் வாங்கி விட வேண்டியதில்லை, மாவுப்பூச்சி இருக்கிற இடத்தைத் தேடித் தானே வரும். நாம் மருந்தை அடித்தால் முதலில் சாவது மெழுகுப் போர்வை போர்த்திய பூச்சி இல்லை. போர்வை இல்லாத இந்தக் குளவிதான்.

இந்தப் பேச்சு நடக்கும்போது பொடியன் செம்பருத்திக்கடியில் குந்திக் கொண்டிருந்தான். திடீரென்று, "அத்தை, இங்க ஒரு குரங்கு மூஞ்சி இருக்குது!" என்று கத்தினான்.

யாரும் நம்பவில்லை. குனிந்து பார்த்தால், சத்தியமாகக் குரங்கு மூஞ்சிதான்! கிளையில் ஒட்டிக் கொண்டு, மொச்சைக் கொட்டையைவிடச் சின்னதாக, பழுப்பும் வெளுப்புமாய் ஒரு கூட்டுப்புழு. இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாம் எழுதி வைத்தாற்போல இருக்கிறது. டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கியும் பார்த்தோம். சாதாரணமாக வண்ணத்துப்பூச்சியின் புழு என்றால் இலையைத் தின்னும். இந்த ஒரு ஜாதி (ஸ்பால்ஜிஸ் என்று பேர்) சைவமே கிடையாது. மாவுப்பூச்சியைத்தான் தின்று வளர்கிறது. வளர்கிற காலத்தில் அதுவும் மாவைப் பூசிக் கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவிலேயே கிடக்கும். எறும்புக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

எனக்கு அடிவயிற்றில் பகீர் என்றது. ஏனென்றால் முந்தின வாரம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக் கொண்டு, இருப்பதிலேயே பெரிதாக, நீள நீள வெள்ளை நூலோடு, சுறுசுறுப்பாக ஓடிக் கொண்டிருந்தவற்றைத்தான் முதலில் தேடித் தேடி நசுக்கினேன். "இதுதான் தலைவன்" என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டு! உண்மையில் மாவுப்பூச்சி ஓடாது, உட்கார்ந்த இடத்திலேயே சாறு குடிக்கும். ஓடினது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு. 1898ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. பெரிசானால் கருப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாகக் குட்டியாக ஒரு வண்டு. குஞ்சும் தாயும் மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும். வீட்டைக் காக்க வந்தவனைத் திருடன் என்று அடித்த கதையாகப் போயிற்று. ஆகவே வெள்ளையாக இருப்பதை எல்லாம் நசுக்காதீர்கள். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று ஓடினால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடுங்கள்.

அப்புறம் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ரொம்பவும் சுருண்டு போன நாலைந்து கொழுந்தைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் அமுக்கினோம். குரங்கு மூஞ்சி இருந்த கிளையைத் தொடவில்லை. மற்றக் கிளைகளுக்கு ஹோஸ் குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, இலைக்கு அடிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினோம். மாவுப்பூச்சிக்கு அடி வாங்கினால் திரும்பி ஏறத் தெம்பு கிடையாது. நல்ல மழை ஒன்று பெய்தால் பாதி தொலைவது இதனால்தான்.

முக்கியமான வேலை எறும்பு. மாவுப்பூச்சி விடுகிற சர்க்கரைத் தண்ணிக்காக எறும்புகள் அதைப் பசுமாடு மாதிரி வளர்க்கின்றன, குளவி வந்தால் விரட்டுகின்றன. எறும்பு இருக்கிறவரை எந்தக் குளவியும் கிட்டே வர முடியாது. தண்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதத்தைச் சுற்றி, அதன் மேல் வாஸலின் தடவினேன். செடி சுவரையோ கொடிக் கயிற்றையோ தொடாமல் தள்ளியும் வைத்தேன். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறவர்கள் வாரம் இரண்டு தரம் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். எறும்புக்குப் பயந்து டெங்குக் கொசுவை வளர்க்க வேண்டாம். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பின். முதல் நாள் ஓர் இலையில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் பூச்சி இருக்கிற இடத்தில் மட்டும். முழுச் செடியையும் குளிப்பாட்டாதீர்கள், அது நல்ல பூச்சிக்கும் ஆகாது.

அந்தக் கரி பூசின இலைகளுக்கு வழி சொன்னது யார் தெரியுமா? நம் தறிக்கார அக்காதான். "இதுக்குப் பாவுக்குப் போடற கஞ்சியை அடிச்சா என்னங்க?" என்றார். டீச்சரம்மா துள்ளிக் குதிக்காத குறை. வேளாண்மைக்காரர்கள் சொல்வதும் அதுதானே! மைதாவையோ ஸ்டார்ச்சையோ காய்ச்சி, நன்றாக நீர்க்கக் கரைத்து, ஆற வைத்து, வெயில் உள்ள நாளில் தெளித்தால், காய்ந்ததும் கஞ்சி அப்பளமாய் உரியும். கறுப்பும் அதோடு உரிந்து வந்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் மட்டும் வேண்டாம். கஞ்சிப் பதம் பார்ப்பதில் அம்மாபேட்டைக்காரருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அக்கா காய்ச்சிக் கொண்டு வந்தது மோர் மாதிரி அத்தனை சரியாக இருந்தது.

ஜூஸ் பாட்டிலை அன்றிரவே அக்கா தன் கொழுந்தனாரை வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ஏதோ முணுமுணுத்தாராம். "பிள்ளைங்க இருக்கற வீடுங்க, பேரு எழுதாத மருந்து உள்ள வரக்கூடாது" என்று அக்கா சொன்னது தெருவுக்கே கேட்டது. கறிவேப்பிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிட்டார். புதுக் கொழுந்து நன்றாகத் தழைத்து வருகிறவரை கறிவேப்பிலை என் வீட்டிலிருந்துதான் போகிறது.

செம்பருத்தி முழுக்கத் தேறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளை இன்னும் அங்கங்கே இருக்கிறது. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழுப்பாய்க் காய்ந்த ஓடுகளும், ஒவ்வொன்றிலும் குண்டூசி முனை அளவு ஓட்டையும் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை ஆயாவுக்கு மூன்று பூக் கிடைத்தது.

பொடியன் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மாடியேறிக் குரங்கு மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். வண்ணத்துப்பூச்சி வெளியே வரும்போது கட்டாயம் கூப்பிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை தோசைக்கு ஊற்றிக் கொண்டிருந்ததில் மாடிக்குப் போகவே எட்டரை ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் மூஞ்சி பிளந்து கூடு காலி. இன்னொரு குரங்கு மூஞ்சி கிடைக்கிறவரை அவன் என்னோடு பேசப் போவதில்லையாம்.